பேரலல் போர்ட் உள்ள வரைக்கும்

பழைய கம்ப்யூட்டரை இன்னும் எதற்குக் கட்டி அழுகிறாய், எடைக்குப் போட்டுவிட்டு ஒரு லேப்டாப் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். நீளமாகத்தான் போகும்.

என்னிடம் இருப்பது இரண்டு சிஸ்டம். இரண்டுமே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தவை. ஒன்று 2012 வாக்கில் வாங்கியது, மூன்றாம் தலைமுறை ஐ5, கூடத்தில் இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் பொது. இன்னொன்று அதைவிடப் பத்து வருடம் மூத்தது, பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளறையில் பழைய வேட்டியால் மூடி வைத்திருக்கிறேன், இன்டர்நெட் பக்கமே போகாது. வீட்டில் சண்டையெல்லாம் இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு அம்சம் வேண்டும். என்னுடையதில் இரண்டும் கிடையாது. ஓராண்டு நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம், 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஆனால் ஒரு வருடம் கழித்து இதே கேள்வி மறுபடி வாசலில் நிற்கும் என்பதால் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறிவிட்டேன், எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பு. இரண்டு மூன்று நாள் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் பார்த்தால் அவர்களுக்கு வேண்டியது ஒரு பிரௌசர், கரன்ட் பில் கட்டுவது, யூடியூப், அவ்வளவுதான், அடியில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் கவலையில்லை. தமிழ் அடிக்க ஐபஸ் என்கிற கருவியில் தமிழ்99 கீபோர்டு முறை இருக்கிறது, எனக்கும் குறையில்லை.

மாறுவதற்கு முன்பே அதற்கு எஸ்எஸ்டி, அதாவது சுற்றுகிற தட்டு இல்லாத டிஸ்க், போட்டுவிட்டேன். பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது முதலில் இதைத்தான். ஸ்லோவாக இருக்கிறது, பிராசஸர் பழசாகிவிட்டது என்று சொல்லி வருகிறவர்களின் மெஷினைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிராசஸர் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் ஒவ்வொரு ஃபைலுக்கும் தலையை நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை மாற்றினால் போதும். அதை விட்டுவிட்டு 'ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்' என்று வருடத்துக்கு ஒருமுறை ஃபார்மட் போடுகிற சர்வீஸ்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும், சரி.

சென்னையில் கம்ப்யூட்டர் கெடுவதற்கென்று சில தனி வழிகள் உண்டு. கடல் காற்று அதில் முதலாவது. நான் முன்பு வைத்திருந்த டைப்பிங் கடை திருவல்லிக்கேணியில் இருந்தது, மெரினாவிலிருந்து கூப்பிடு தூரம், கேபினட் ஸ்க்ரூ எல்லாம் இரண்டே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும், ராம் சொருகுகிற இடத்தில் கறுப்புக் கட்டும். காலையில் ஆன் செய்தால் திரை வராது, பீப் பீப் என்று கத்தும். ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் எழுந்துகொள்ளும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் ரிச்சி தெருவில் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கல்லா பக்கத்தில் ஒரு ரப்பர் கிடக்கும்.

இரண்டாவது வெயில். பிராசஸருக்கும் அதன் மேலே இருக்கிற ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் சில வருடங்களில் காய்ந்து பொடியாகிவிடும், ஜனவரியில் ஒன்றும் தெரியாது, கத்திரி வெயில் தொடங்கிய வாரம் பிற்பகல் வேளையில் பட்டென்று ஆஃப் ஆகும். வைரஸ் என்பார்கள். கிடையாது, சூடு. பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது பல்லி. கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும், உள்ளே போய் எங்கே வாலை வைக்குமோ தெரியாது, பல்லியும் போய் எஸ்எம்பிஎஸ்ஸும் போய் வீடெல்லாம் நாற்றம். இதற்கு மருந்தே இல்லை, பின்பக்கம் ஒரு கொசுவலைத் துண்டு கட்டிவைப்பதைத் தவிர.

அப்புறம் அந்த ரூபாய் வடிவப் பேட்டரி, சிஆர்2032. எதிர் ஃபிளாட்டில் இருக்கிற மாமா ஒருநாள் பதறிப்போய் வந்தார், "பேங்க் வெப்சைட் திறக்க மாட்டேங்குதுப்பா, எதைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை பாதுகாப்பு இல்லைன்னு வருது, யாரோ ஹேக் பண்ணிட்டான்" என்று. போய்ப் பார்த்தால் மூலையில் தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கிற அந்தப் பேட்டரி தீர்ந்துபோனால் கரன்டை அணைத்த உடனே கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு வெப்சைட்டும் காட்டுகிற சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஒரு ஆயுள் உண்டு, மாமாவின் கம்ப்யூட்டர் 2009இல் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காத குழந்தைகள். பேட்டரி மாற்றினேன், காபி கொடுத்தார். ஆனால் ஹேக்கர் கதையை அவர் இன்னும் விடவில்லை, நான் ஹேக்கரை விரட்டியதாகத்தான் அபார்ட்மென்ட் முழுக்கப் பேச்சு.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வரி. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் நண்பர் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது மதர்போர்டு, ராம் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து மீட்டுவிட்டோம். மூழ்கிய ஹார்ட் டிஸ்க்கை மீட்க முடியவில்லை. காற்றழுத்தத்தைச் சமன் செய்ய அதன் மேல் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள், 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும், அது வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து என் சிஸ்டம் எதுவும் தரையில் கிடையாது, மேசை மேல்தான்.

இப்போது இரண்டாவது மெஷின். அதற்கு வர வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது 1980களின் கடைசியில், திருவல்லிக்கேணியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். அப்போது தெருவுக்கு ஒரு இன்ஸ்டிடியூட், காலை ஆறு மணிக்கே லோயர், ஹையர் பரீட்சைக்கு அடிக்கிற சத்தம் மேன்ஷன்வாசிகளை எழுப்பிவிடும். எங்கள் மாஸ்டர் கடன் வாங்கி ஒரு பிசி எக்ஸ்டி வாங்கினார். பலகையில் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று கூடுதலாக ஒரு வரி ஏறியது. உள்ளே மரத்தடுப்பு அடித்து, கண்ணாடிக் கதவு வைத்து, ஜன்னலில் ஏசி மாட்டி, அந்த இன்ஸ்டிடியூட்டிலேயே ஏசி உள்ள ஒரே ஜீவன் அதுதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். தூசிக்காக என்பார்கள், ஆனால் உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் காரணம் தூசி மட்டும் என்று தோன்றாது. ஸ்விட்ச் போடுகிற உரிமை மாஸ்டருக்கு மட்டும்.

ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷின் அது. இரண்டு ஃபிளாப்பி டிரைவ், 5¼ அங்குலம், ஒவ்வொன்றும் 360 கேபி. ஏ டிரைவில் விண்டோஸுக்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் போட்டு எழுப்ப வேண்டும், அப்புறம் அதை எடுத்துவிட்டு வேர்ட்ஸ்டார் என்கிற டைப்பிங் புரோகிராம் போட வேண்டும், பி டிரைவில் நம் ஃபைல். மெமரி 640 கேபி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற 'காலை வணக்கம்' ரோஜாப்பூப் படம் ஒன்று அந்த ஃபிளாப்பியில் கொள்ளுமா என்பதே சந்தேகம். அதில்தான் மாஸ்டர் ஒரு வக்கீல் ஆபீசின் கடிதப் போக்குவரத்தை முழுக்கச் செய்துகொடுத்தார். வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல் கே எஸ் அடித்தால் சேமிக்கும், கே பி அடித்தால் பிளாக் ஆரம்பம், கே கே அடித்தால் முடிவு. மவுஸ் கிடையாது, மெனு பெயருக்கு இருக்கும். இப்போதும் கரன்ட் போகப்போகிற மாதிரி விளக்கு மினுங்கினால் என் இடது சுண்டுவிரல் தானாகக் கன்ட்ரோலைத் தேடுகிறது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு இருந்த மவுசை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தீவுத்திடல் பொருட்காட்சியில் கம்ப்யூட்டர் ஜாதகம் ஸ்டாலுக்கு முன்னால் வரிசை நிற்கும். பிறந்த நேரத்தைச் சொன்னால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர் கர்ர் என்று தசாபுத்தியை அடித்துத் தள்ளும், தாத்தா ஓலைச்சுவடியை நம்பிய மாதிரி ஜனங்கள் அந்த ஓட்டைபோட்ட ஓரம் உள்ள தாளை நம்பினார்கள். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் கண் பரிசோதனை, தையல் கடையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி, இதெல்லாம் போதாது என்று பிற்பாடு கம்ப்யூட்டர் சாம்பிராணி வேறு. அதில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நான் கடைக்காரரைக் கேட்டேன். "வாசனை கரெக்டா வரும் சார்" என்றார்.

எங்களுக்கும் மூத்தவர்கள் இருந்தார்கள். மாஸ்டரின் அண்ணன் 1970களில் கிண்டிப் பக்கம் துளை அட்டையில் புரோகிராம் எழுதியவர். அட்டைக்கு 80 நெடுவரிசை, ஒரு எழுத்து தவறினால் அட்டையையே திரும்பக் குத்த வேண்டும், கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அழ வேண்டியதுதான், ஐஐடியில் ஐபிஎம் 370 இருந்த அறைக்குள் மாணவர்களை விடவே மாட்டார்கள், ஜன்னல் வழியாக அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் ரிசல்ட் வாங்க வர வேண்டும் என்பார். எங்கள் எக்ஸ்டியின் திரையிலும் வரிக்கு 80 எழுத்துதான், பிரிண்டரும் 80 நெடுவரிசைப் பிரிண்டர். "எங்க அட்டையோட அகலம்தான்டா உன் ஸ்க்ரீனோட அகலம்" என்று அவர் சொன்னபோது பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான்.

பிறகு நானே ஒரு கடை வைத்தேன். ஜாப் டைப்பிங், டிடிபி. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருந்ததால் எம்ஃபில், பிஎச்டி ஆய்வேடுகள்தான் சோறு போட்டன, கல்யாண சீசனில் பத்திரிகை. ஆய்வேடு சமர்ப்பிக்கிற கடைசி வாரத்தில் கடையிலேயே பாய் விரித்துத் தூங்குவார்கள் மாணவர்கள், அடிக்குறிப்பு நம்பர் மாறினால் விடிய விடிய திருத்தம். டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் டக் டக் என்று நாலு பேர் அடித்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். சென்னைக் கம்பெனி, உள்ளே செர்ரி புளூ ஸ்விட்ச், அதே கீபோர்டைத்தான் இப்போது விளையாடுகிற பையன்கள் 'மெக்கானிக்கல்' என்று தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு, சூட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்ட பொட்டு பொங்கல் வரை போகாது.

ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்தில். அதனால் கடைக்கு வந்த சுப்பிரமணியன்கள் அத்தனை பேரும் சுப்ரமா1, சுப்ரமா2, சுப்ரமா3 என்று ஆனார்கள். எது எந்தச் சுப்பிரமணியன் என்று தெரிய ஒரு நீள நோட்டு போட்டுவைத்தேன்: பெயர், துறை, வருடம், ஃபிளாப்பி நம்பர். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. பின்னால் அதுதான் காப்பாற்றியது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுக் கம்பெனியான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது, மெட்ராஸும் முதல் ஊர்களில் ஒன்று. மோடம் சத்தத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமான விஷயம் வேறு. தமிழ்.

அன்றைக்குத் தமிழ் சாஃப்ட்வேர் என்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி. ஆங்கில எழுத்துக்கும் மற்ற குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்துவிடுவார்கள், எந்த எண்ணில் எந்த வடிவம் என்பது அவரவர் இஷ்டம். ஆக, ஒரு ஃபைலைத் திறந்து தமிழாகப் படிக்க அந்தந்த ஃபான்ட் வேண்டும், இல்லையென்றால் திரை முழுக்கக் கோணல்மாணலான குறிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்து, தமிழ்99 கீபோர்டும் டாம், டாப் என்கிற குறியீட்டுத் தரங்களும் வந்தன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் உலகம் முழுக்க ஒரே எண்வரிசை என்கிற யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010இல். நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குள் நாங்கள் அடித்துக் குவித்திருந்த மலை எல்லாம் பழைய எண்களில் இருந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை லாக். டாங்கிள் என்பார்கள், நாங்கள் லாக் என்போம். சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுத்துவிடுவார்கள் என்று, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பாவைக் கொடுப்பார்கள். அதை சிபியுவின் பின்பக்கம் பிரிண்டருக்கான, 25 பின் கொண்ட பேரலல் போர்ட்டில் சொருக வேண்டும், அதன் பின்னால் பிரிண்டர் கேபிள். லாக் இல்லாமல் புரோகிராம் திறக்காது. நான் ஆய்வேடுகளை அடித்தது அப்படியொரு டாஸ் காலத்துத் தமிழ் வேர்ட் பிராசஸரில். விற்ற கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. லாக் மட்டும் என் கையில் இருக்கிறது.

இப்போது விற்கிற மதர்போர்டுகளில் பேரலல் போர்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றுகிற கேபிள் ரிச்சி தெருவில் கிடைக்கும், பிரிண்டருக்குச் சரி, லாக்குக்கு உதவாது, ஏனென்றால் புரோகிராம் நேரடியாகப் பேரலல் போர்ட்டுக்குரிய 378 என்கிற முகவரியில் போய்த்தான் லாக்கைத் தட்டிப் பார்க்கும், அந்த இடத்தில் யூஎஸ்பி கேபிள் இருக்காது. பழைய டாஸ் புரோகிராமைப் புது கம்ப்யூட்டரில் ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் போட்டேன், 'லாக் இல்லை' என்று சொல்லி மூடிக்கொண்டது. ஆகவே பென்டியம் 4. அதே டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதியில் டாஸ், இன்னொன்றில் எக்ஸ்பி, எக்ஸ்பியில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில்.

அதற்கும் வைத்தியம் செய்யாமல் இல்லை. அந்தக் காலத்து மதர்போர்டுகளில் கெபாசிட்டர் ஒரு பெரிய வியாதி. 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கவே தரம் குறைந்த எலக்ட்ரோலைட் ஊற்றிய கெபாசிட்டர்கள் சந்தைக்கு வந்துவிட்டன, சில வருடத்தில் தலை உப்பி, பழுப்பாகக் கசியும். என்னுடையதிலும் பிராசஸரைச் சுற்றி வரிசையாக ஊதிப்போயிருந்தன. ரிச்சி தெருவில் நரசிங்கபுரம் பக்கம் உதிரிபாகக் கடையில் 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் என்று கேட்டு வாங்கினேன். கல்லாவில் இருந்த பையன் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த போர்டுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி இருக்கும்ணா" என்றான். ஆனால் சால்டரிங் செய்து கொடுத்தது அவன் கடைக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, ஒரு பாதைகூடக் கருகாமல். அந்த மாதிரிக் கை உள்ளவர்கள் இப்போது மொபைல் போர்டுக்குப் போய்விட்டார்கள், காசு அங்கேதான். ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கையும் தூக்கிவிட்டு, அடாப்டர் வைத்து காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போட்டுவிட்டேன், சுற்றுகிற பாகமே இல்லை, குளோன்ஜில்லாவில் எடுத்த முழுப் பிரதி இரண்டு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே ஆதரவு நின்றுவிட்டது, அதனால் நெட்வொர்க் கேபிள் சொருகுகிற ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிவைத்திருக்கிறேன், விருந்தாளிப் பிள்ளைகளுக்காக.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்குப் போன வருடம் பதில் வந்தது. ஒரு பெரியவர் போன் செய்தார், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், 1997இல் எங்கள் கடையில்தான் பிஎச்டி ஆய்வேடு அடித்தார். "தம்பி, என்னை ஞாபகம் இருக்கா, அடிக்குறிப்புக்காக உங்களைத் தூங்கவிடாம பண்ணுவேனே" என்றார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்திருக்கிறார், யூனிகோடில் ஃபைல் வேண்டும் என்கிறாராம். ஐயாவிடம் இருந்தது ஒரு ஜெராக்ஸ் பிரதி. என் மகள் அதை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற ஓசிஆர் போட்டுப் பார்த்தாள், நல்ல அச்சாக இருந்தால் இப்போது தமிழ் ஓசிஆர் நன்றாகவே படிக்கிறது, ஆனால் இது ஜெராக்ஸின் ஜெராக்ஸ், புள்ளி எது பூச்சி அரித்த ஓட்டை எது என்று மனிதனுக்கே தெரியாது.

நோட்டை எடுத்தேன். பெயர், 1997, ஃபிளாப்பி நம்பர். 3½ அங்குல ஃபிளாப்பிகளை எல்லாம் முன்பே சிடிக்கும் பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கும் மாற்றிவைத்திருந்ததால் ஃபைல் இருந்தது. டாஸில் ஏற்றி, லாக்கைச் சொருகித் திறந்தால் முதல் பக்கம் பளிச்சென்று வந்து நிற்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயர், வழிகாட்டி பெயர் எல்லாம். ஐயா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டாம் பக்கத்தில் ஒரு சந்திப்பிழையைக் கண்டுபிடித்து, "இது அப்பவே சொன்னேனே, திருத்தலையா" என்றார்.

திறந்தாயிற்று, வெளியே எடுப்பது எப்படி? அந்தப் புரோகிராமுக்குத் தன் சொந்த வடிவத்தில் சேமிக்கத் தெரியும், பிரிண்ட் எடுக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. இணையத்தில் கிடைக்கிற மாற்றிகளில் பல பழைய குறியீடுகள் இருக்கின்றன, இது இல்லை. மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, அந்த மெஷின்ல அ ஆ இ ஈ-ன்னு வரிசையா அடிச்சு ஒரு ஃபைல் சேவ் பண்ணிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." உயிரெழுத்து, மெய், உயிர்மெய், கிரந்தம், எண்கள் என்று அரிச்சுவடி மாதிரி முழுக்க அடித்துக் கொடுத்தேன். அவள் அதை ஃபைலை எண்களாகவே காட்டுகிற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து எந்த எழுத்து எந்த எண் என்று பட்டியல் போட்டு, பைதானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள்.

முதல் ஓட்டத்தில் கந்தரகோளம். காரணம் பழைய டைப்ரைட்டர் முறை: அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். கெ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. கொ வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. யூனிகோடில் க முதலில், கொம்பு அதன் பின்னால். எல்லாக் கொம்பையும் ஒரு எழுத்து தள்ளி வைக்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகு ர-வில் மாட்டியது. கால் மேல் புள்ளி வைத்தாலும் பார்வைக்கு ர் மாதிரியே இருக்கும் என்பதால் டைப் அடித்தவர்கள் எது கைக்கு அருகில் இருக்கிறதோ அதை அடித்திருந்தார்கள். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. ஃபைலில் 'அவர்' என்று தேடினால் பாதி அவர்கள் கிடைக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் 'அவா்'. கௌ-வில் ள நுழைந்த இடங்கள் தனி. மகள் விதி எழுத எழுத நான் உட்கார்ந்து படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசியில் சுத்தமான யூனிகோடில் வந்தது, அடிக்குறிப்பு நம்பர்கள் உள்பட. ஐயா புரூஃப் பார்க்கிறேன் என்று பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டம்மா கேட்டாள்: "அதான் பட்டியல் போட்டாச்சுல்ல, இனிமே எல்லா ஃபைலையும் மாத்திட்டு அதை எடைக்குப் போட்டுடலாமேங்க?" நியாயமான கேள்விதான், பட்டியல் கையில் இருந்தால் அந்த மெஷினே தேவையில்லை. நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் இந்தப் பட்டியல் ஒரு சாஃப்ட்வேருக்குத்தான். 1994க்கு முன்னால் நாங்கள் பயன்படுத்தியது வேறொன்று, அதற்கு வேறொரு லாக், வேறொரு எண்வரிசை, அதில் அடித்த ஆய்வேடுகள் இன்னொரு நீள நோட்டில் இருக்கின்றன. அவை கிடப்பது 5¼ அங்குல ஃபிளாப்பியில். ஒன்றிரண்டில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, மீதி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்கிற டிரைவ் என்னிடம் செத்துப்போய்விட்டது. 3½ அங்குலத்துக்குக் கிடைக்கிற மாதிரி இதற்குச் சொருகினால் வேலை செய்கிற யூஎஸ்பி டிரைவ் கிடையாது, பழைய டிரைவேதான் வேண்டும். பென்டியம் 4 போர்டில் ஃபிளாப்பி கேபிள் சொருகுகிற இடமும், பயாஸில் 1.2 எம்பி என்ற தேர்வும் இன்னும் இருக்கின்றன. பர்மா பஜார், ரிச்சி தெரு, புதுப்பேட்டைக் காயலான் கடை எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான் கிடைத்தது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணிலோ, ஆபீஸ் ஸ்டோர் ரூமிலோ ஓடுகிற நிலையில் ஒரு 1.2 எம்பி, 5¼ அங்குல டிரைவ் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நியாயமான விலை கொடுத்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கேபிளும் இருந்தால் சேர்த்தே கொடுங்கள், அந்த அகலக் கனெக்டர் உள்ள கேபிள் தனியாக எங்கும் கிடைப்பதில்லை.